தம்பி வளர்க்கும் வெங்கிணாந்திக் குட்டி

திருகோணமலை லிங்கநகரில் இருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. உயர்தரம் படிக்கும் அவருடைய தம்பி, சிறுபோக அறுவடை நேரம் தம்பலகாமத்தில் பெரியப்பாவின் வயலுக்குப் போயிருக்கிறார். வெட்டு மெசினுக்கு முன்னால் கிடந்த வெங்கிணாந்திக் குட்டி ஒன்றை, அதாவது மலைப்பாம்புக் குட்டியை, ஆட்கள் அடிக்கப் போக, இவர் தடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். இரண்டு மாதமாக அது மீன் தொட்டியில் இருக்கிறது. பாலும் முட்டையும் வைக்கிறார்கள். ஒருமுறை கோழி இறைச்சித் துண்டை விழுங்கி, மறுநாள் கக்கிவிட்டது. இப்போது கண் வெள்ளை பூத்திருக்கிறது, வாயோரம் நுரை தெரிகிறது. வீட்டில் அக்காவின் மூன்று வயதுப் பிள்ளையும் உண்டு. "தம்பி அதில் உயிரையே வைத்திருக்கிறான். எப்படிப் பராமரித்தால் பிழைக்கும்?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, பராமரிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அது வெங்கிணாந்திதானா என்று உறுதிப்படுத்துங்கள். அதுவரை யாரும் கையில் எடுக்க வேண்டாம். நம் பக்கம் கண்ணாடி விரியன் குட்டியை வெங்கிணாந்திக் குட்டி என்று நினைத்துத் தூக்குவது அடிக்கடி நடக்கிற பிழை. இரண்டும் தடித்த உடம்பு, இரண்டிலும் மண்ணிறத்தில் பெரிய புள்ளிகள், இரண்டும் வயலோரத்தில் கிடக்கும். விரியனின் முதுகில் புள்ளிகள் முட்டை வடிவாக, கறுப்பு ஓரத்தோடு, சங்கிலி கோத்தது போல ஒழுங்காக மூன்று வரிசையில் வரும். செதில் சொரசொரப்பாக இருக்கும், தலை முழுக்கச் சின்னச் சின்னச் செதில்கள். வெங்கிணாந்தியின் முதுகுத் திட்டுகளுக்கு ஒரு ஒழுங்கு இல்லை. ஒன்று பெரிது, ஒன்று கோணல், சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோல் வழுவழுப்பாக மினுங்கும், தலையில் அம்பு முனை போன்ற அடையாளம் இருக்கும், மேலுதட்டோரம் சிறு குழிகள் தெரியும். அளவும் உதவும். முட்டையில் இருந்து வரும்போதே வெங்கிணாந்திக் குட்டி ஒன்றரை அடிக்குக் குறையாது. விரியன் முட்டையிடாமல் குட்டி போடும் பாம்பு. அதன் குட்டி ஒரு அடிக்குள்தான் இருக்கும்.

தொட்டிக்கு வெளியே நின்று, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். விரியன் என்று சந்தேகம் வந்தால் மூடியை இறுக்கி, அந்த அறையைப் பூட்டிவிட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். "இரண்டு மாதமாகக் கடிக்கவில்லையே" என்பதை நம்ப வேண்டாம். "குட்டிக்கு விஷம் வந்திருக்காது" என்பதும் பிழை. பிறந்த அன்றே விரியன் குட்டிக்கு விஷமும் உண்டு, பல்லும் உண்டு.

யாரையாவது கடித்துவிட்டால் கடிவாயைக் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கயிறு போட்டு இறுக்கவும் வேண்டாம். மோதிரம், காப்பு, இறுக்கமான உடுப்பைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையை அசைக்காமல் வைத்து, 1990 அம்பியூலன்சிலோ கிடைத்த வாகனத்திலோ நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். விசகடிப் பரியாரியாரிடம் போய்விட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவதில்தான் எத்தனையோ பேருக்கு நேரம் தவறிப்போகிறது. 2012-13 இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று, இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகளும் 460க்கு மேற்பட்ட மரணங்களும் என்று மதிப்பிட்டது. நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், எண்ணெய் விரியன் (கட்டு விரியன்), கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிராகச் செய்தது. நம் தீவில் நிறையப் பேரைக் கடிக்கும் கூன்மூக்கு விரியனுக்கு அதுவும் உதவாது.

சரி, அது வெங்கிணாந்திதான் என்று வைத்துக்கொள்வோம். விஷம் இல்லை. இனி ஆபத்து முக்கியமாக அந்தக் குட்டிக்குத்தான். உங்கள் தம்பி செய்த முதல் காரியம் நல்ல காரியம். மெசினடியில் போக இருந்த உயிரை, நாலு பேர் கம்போடு நிற்கும்போது தடுத்து நிறுத்த ஒரு பெடியனுக்குத் துணிவு வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததில் பாதி, மனிதப் பிள்ளைக்குச் செய்வதைப் பாம்புக்குச் செய்ததுதான். நாய்க்கு நோவு என்றால் முனகும், பூனை சாப்பாட்டைத் தள்ளிவைத்து மூலையில் ஒடுங்கும். பாம்பு சத்தம் போடாது, முகம் மாறாது. காட்டில் பலவீனத்தைக் காட்டிய பாம்பைப் பருந்தோ கீரியோ அன்றே தூக்கிவிடும் என்பதால், தாங்க முடிகிற கடைசி நாள் வரை அது சும்மா சுருண்டு கிடக்கும். நமக்கு நோய் கண்ணில் படும்போது அது பல வாரம் பழகிய நோயாக இருக்கும். நீங்கள் எழுதியவற்றை இந்த நினைப்போடு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பால். நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் வைப்பது எங்கள் வழக்கம், எனக்கும் அதில் பக்தி உண்டு. கோயில் புற்றில் ஊற்றும் பால் மண்ணுக்குள் போய்விடும். பாம்புக்கு விருப்பமில்லை என்றால் விலகிப் போகவும் இடமிருக்கிறது. தொட்டிக்குள் அடைபட்ட குட்டிக்கு அந்த வசதி இல்லை. தாகம் எடுத்தால் முன்னால் இருப்பதைக் குடித்துவிடும். பாம்பின் குடலால் பாலைச் செரிக்க முடியாது, வயிறு கெட்டு நீர் இன்னும் வற்றும். வாயைத் திறந்து துளித்துளியாகப் புகட்டியிருந்தால் அது இன்னும் மோசம். பாம்புக்கு மூச்சுக்குழாயின் வாசல் கீழ்வாயில், முன்பக்கமாகவே இருக்கிறது. ஊற்றுவது நேரே உள்ளே இறங்கிவிடும். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் பாம்புக்கு இல்லாததால், உள்ளே போனதை இருமி வெளியே தள்ளவும் அதால் முடியாது. நீங்கள் சொன்ன வாயோர நுரைக்கு இதுவே காரணமாக இருக்கலாம். தம்பி புகட்டினாரா என்று திட்டாமல் கேளுங்கள். வைத்தியருக்கு அந்தத் தகவல் தேவைப்படும்.

பாலை இன்றோடு நிறுத்திவிட்டு, உடம்பு முழுதாக இறங்கக்கூடிய அகலமான, ஆழமில்லாத ஏனத்தில் நல்ல தண்ணீர் வையுங்கள்.

கோழித் துண்டைக் கக்கியதற்கு இறைச்சி மட்டும் காரணம் இல்லை. பாம்பின் செரிமானம் வெளிச் சூட்டில் நடப்பது. உடம்பு 30 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால்தான் விழுங்கியது கரையும். குளிர்ந்த சீமெந்துத் தரையில் வைத்த தொட்டி, மழைக்கால இரவு, மேலே மின்விசிறி என்றால் விழுங்கியது வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். அதற்கு இருக்கும் ஒரே வழி கக்குவதுதான். விழுங்கியவுடன் தூக்கி விளையாடினாலும் கக்கும். வெங்கிணாந்தியின் நெருங்கிய உறவான பர்மா மலைப்பாம்பை வைத்துச் செய்த ஆய்வில், பெரிய இரை விழுங்கிய இரண்டு நாட்களுக்குள் அதன் இதயமே 40 சதவீதம் பருத்ததாகக் கண்டார்கள். குடலும் ஈரலும் கூடப் பெருக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு உடம்பு முழுக்க அப்படி வேலை செய்கிறது. அந்த நேரத்தில் அதைத் தோளில் போட்டுப் படம் எடுப்பது அதற்குப் பெரிய துன்பம். ஒருமுறை கக்கிய பாம்புக்கு மறுநாளே இன்னொன்றைக் கொடுப்பதும் கூடாது. குறைந்தது பத்து நாளாவது வயிறு ஆற வேண்டும். பசியால் செத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கொஞ்ச நாள் பட்டினியை அது தாங்கும். மறுபடி மறுபடி கக்குவதைத் தாங்காது.

வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து போதாது. பாம்பு எலியையோ குருவியையோ எலும்பு, ஈரல், குடலோடு முழுதாக விழுங்கி வாழும் பிராணி. துண்டு இறைச்சியிலேயே வளர்ந்தால் எலும்பு மெலியும். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மீன் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர்ப் பாம்பைப் பிடித்து வைத்து, நாளாந்தம் ஒரே வகை மீன் போட்டு, கடைசியில் அது தலை கோணி வலிப்பு வந்து செத்ததைப் பார்த்திருக்கிறேன். சில வகை மீன்களில் விற்றமின் பி1 ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது, வலிப்பு அதனால் வருவது. "எலி பிடித்துப் போடலாமா?" என்று தம்பி அடுத்துக் கேட்பார். உயிருள்ள எலியைத் தொட்டிக்குள் விட்டால், பசி இல்லாத பாம்பை எலிதான் தின்னும். ஒரே இரவில் முதுகெலும்பு தெரியும் வரை கொறித்துவிடும். ஊரெலி யாரோ வைத்த எலி நஞ்சைத் தின்றிருக்கலாம். அதைப் பிடிக்கிற தம்பிக்கு எலிக்காய்ச்சல் வரலாம், அதுவும் இந்த மாரியில்.

கண் வெள்ளை பூத்ததை நினைத்துப் பயந்திருப்பீர்கள், பெரும்பாலும் அது பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. சட்டை கழற்றுவதற்கு ஒரு கிழமை முன்னால் பாம்பின் கண் நீலம் கலந்த வெள்ளையாக மங்கும், பிறகு தெளியும், அதன் பிறகு சட்டை உரியும். அந்த நாட்களில் அதற்குப் பார்வை மங்கல் என்பதால் சிறு அசைவுக்கும் வெருளும், கடிக்கவும் கடிக்கும். தொடாமல் விட்டாலே போதும். இங்கேயும் நல்ல மனது கெடுதல் செய்யும் ஒரு இடம் உண்டு. சட்டை துண்டு துண்டாக உரிந்து, கண்மேல் ஒரு படலம் ஒட்டிக்கொண்டால் அதை நகத்தாலோ இடுக்கியாலோ உரிக்கப் பார்ப்பார்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில்தான். இழுத்தால் அடியிலுள்ள உயிருள்ள செதிலும் சேர்ந்து வரும், கண் போய்விடும். ஒரு சின்னப் பெட்டிக்குள் ஈரத்துணி வைத்து, அது தானாக உள்ளே போய் வர விடுங்கள்.

நுரைதான் எனக்குக் கவலை. வாயோரம் குமிழி, மூச்சு விடும்போது ஒரு கிறீச் சத்தம், தலையை மேலே உயர்த்தி வைத்திருப்பது, வாய் லேசாகத் திறந்திருப்பது, இவற்றில் இரண்டு இருந்தாலே நுரையீரலில் கிருமித் தொற்று என்று எடுத்துக்கொள்ளலாம். ஈரமான அழுக்குத் தொட்டியும் குளிரும் சேர்ந்தால் இது வரும். வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கைக் கரைத்துக் கொடுப்பதோ, ஆவி பிடிப்பதோ, வேப்பெண்ணெய் தடவுவதோ வேண்டவே வேண்டாம். ஊர்வனவற்றுக்கு மருந்தை எடை பார்த்து, பெரும்பாலும் ஊசியாக, உடம்பின் முன்பாதியில் போடுவார்கள். அந்த மருந்தும் உடம்பு சரியான சூட்டில் இருந்தால்தான் வேலை செய்யும். நம் மாவட்டத்தில் மிருக வைத்தியர்கள் மாடு, ஆடு, நாய் பார்த்துப் பழகியவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அது வேறு துறை. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு வனவிலங்கு வைத்தியர்கள் இருக்கிறார்கள், கிரித்தலையில் அவர்களுடைய பிரிவு ஒன்றும் உண்டு. இந்தக் குட்டிக்கு வேண்டியது அந்தக் கை.

ஆகவே என் பதில் உங்கள் கேள்வியில் இருந்து கொஞ்சம் விலகித்தான் போகிறது. எப்படி வளர்ப்பது என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. ஒப்படைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பிறகு 2009 இல் திருத்தியதும் சேர்த்து, வெங்கிணாந்தியைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக வைத்திருக்கிறது. அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். தண்டிப்பார்களோ என்று பயந்து, இருட்டில் கொண்டுபோய்க் கன்னியாப் பக்கம் விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பழகாத இடத்தில் விட்ட பாம்பு ஒளிய இடம் தெரியாமல், தண்ணீர் தெரியாமல் அலைந்து, வீதியில் அடிபட்டோ ஆட்களிடம் சிக்கியோ சாகும். நோயோடு விட்டால் அது கட்டாயம். நான் பார்த்த அளவில், நீங்களாகவே அழைத்து, "வயலில் மெசினுக்குத் தப்ப வைத்தோம், இப்போது சுகமில்லை" என்று உள்ளதைச் சொன்னால் உத்தியோகத்தர்கள் மிருகத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். பேஸ்புக்கில் கழுத்தில் போட்ட படம் பார்த்து அவர்களாகத் தேடி வருவது வேறு மாதிரிப் போகும். அப்படிப் படம் போட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுகமாகத் தெரிகிற பாம்பின் கழிவிலும் தோலிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். பெரியவர்களுக்கு இரண்டு நாள் வயிற்றோட்டத்தோடு போவது, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இரத்தம் வரை பரவலாம். தொட்டியைக் குசினித் தொட்டியில் கழுவ வேண்டாம். பின்பக்கத்தில் தனி வாளியில் கழுவுங்கள். தொட்டவர் ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பிள்ளை அந்த அறைக்குள் போகவே கூடாது.

இன்னொன்று: இந்தக் குட்டி குட்டியாகவே இருக்காது. இரண்டு மூன்று வருடத்தில் ஆறடியைத் தாண்டும், பெண்ணாக இருந்தால் பத்தடிக்கு மேலும் போகும். இருபது வருடத்துக்கு மேல் வாழும். எட்டடி தாண்டிய வெங்கிணாந்தியைத் தனியாள் கையாளக் கூடாது, கூடவே ஒரு பெரிய ஆள் வேண்டும். அது கோபத்தில் பிடிப்பதை விடப் பிழையாகப் பிடிப்பதுதான் அதிகம். கையில் கோழி வாசம் இருந்தால் கையே இரை. தம்பி இரண்டு வருடத்தில் பல்கலைக்கழகம் போய்விடுவார், தொட்டியை அம்மாதான் திறக்க வேண்டிவரும். அது கையில் சுற்றிக்கொண்டு அசையாமல் இருப்பதைத் தம்பி பாசம் என்று நினைக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கை சூடாக இருக்கிறது, விழாமல் பிடிக்க ஒரு கொப்பு கிடைக்கிறது, அவ்வளவுதான். பாம்பு ஆளைச் சகித்துக்கொள்ளும். நாயைப் போல ஆளைத் தேடாது. இதைத் தம்பிக்குச் சொல்வது கஷ்டம், ஆனாலும் சொல்லுங்கள்.

கோட்டைக்குள்ளும் நகரத்திலும் திரியும் மான்களை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் ஆசையோடு கொடுக்கும் பாணும் பிஸ்கட்டும், கூடவே பொலித்தீன் பையும் அந்த மான்களின் வயிற்றுக்குள் போகின்றன. கொடுக்கிற எவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

நீங்கள் கடைசியில் எழுதியிருந்தது: இதைக் கொடுத்துவிட்டால், கொழும்பில் ஒரு நண்பன் வெளிநாட்டு "போல் பைதன்" எடுத்துத் தருகிறானாம், அது சட்டப் பிரச்சினை இல்லையாம். அப்படி இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு மிருகத்தைக் கொண்டு வருவதும் இங்கே குற்றம். ரகசியமாகப் பையில் சுருட்டிக் கொண்டு வந்த பாம்பு என்ன நோயோடு வந்தது என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் புளோரிடாவில், வளர்க்க முடியாமல் விட்டவையும் தப்பியவையுமான பர்மா மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. 2012 இல் வெளியான ஆய்வு, அங்கே ரக்கூன் போன்ற சில பாலூட்டிகள் கண்ணில் படுவது 99 சதவீதம் வரை குறைந்துவிட்டதாகச் சொன்னது. அந்த வருடம்தான் அமெரிக்கா அந்தப் பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. நம் குளங்களில் தொட்டி மீனாக வந்த "டாங்க் கிளீனர்" பெருகிக் கிடப்பதை வலை போடுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பாம்பினங்கள் வாழும் தீவு இது, ஏறத்தாழப் பாதி வேறெங்கும் கிடையாதவை. தம்பிக்குப் பாம்பில் ஆர்வம் என்றால் அவற்றை அடையாளம் காணப் படிக்கட்டும். எண்ணெய் விரியனையும் அதே மாதிரி வெள்ளைக் கோடு போட்ட, விஷமில்லாத ஓநாய்ப் பாம்பையும் தூரத்தில் நின்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒருவர் ஊருக்கு ஒருவர் வேண்டும். மழை தொடங்கி வெள்ளம் வீட்டுக்குள் ஏறும்போது அப்படி ஒருவர் இருந்தால் எத்தனையோ சாரைப் பாம்புகள் தப்பும்.

திணைக்களத்தில் இருந்து ஆள் வரும்வரை இப்படிச் செய்யுங்கள். மூடியை இறுக்கிப் பூட்டக்கூடிய பிளாஸ்டிக் பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் பழைய பேப்பர் விரித்து, ஒளிந்துகொள்ள ஒரு பக்கம் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் ஏனமும் ஈரத்துணிப் பெட்டியும் உள்ளே இருக்கட்டும், பேப்பர் நனைந்தால் மாற்றுங்கள். மேசை மேல், விசிறிக்கும் ஏசிக்கும் தூரமாக, யன்னல் வெயில் படாத இடம். வெயில் பட்ட கண்ணாடித் தொட்டிக்குள் சூடு மளமளவென்று ஏறும், பாம்புக்கு வியர்க்காது, ஒரு மத்தியானத்திலேயே செத்துவிடும். குளிருகிறது என்று பெட்டிக்குள் பல்ப் போட வேண்டாம். சுடுகிற பொருளில் இருந்து பாம்பு விலகத் தெரியாமல் படுத்துக் கிடந்து வேகும். பெட்டியைத் தடித்த துணியால் முக்கால்வாசி மூடிவைத்தால் குளிர்காற்று நேரே படாது. உணவு வேண்டாம். பூச்சி மருந்து, நுளம்புச்சுருள், பூச்சி உருண்டை எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

1992 க்கு அழைத்துக் கிடைக்காவிட்டால் நிலாவெளியில் புறாத்தீவுத் தேசியப் பூங்காவைப் பார்க்கும் அலுவலகமும் இதே திணைக்களத்தினுடையதுதான், நேரே போய்க் கேட்கலாம். பாம்பைக் கூடக் கொண்டு போக வேண்டாம், அவர்கள் வந்து எடுக்கட்டும். தம்பியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். என்னென்ன கொடுத்தார், எப்போது கக்கியது, புகட்டினாரா, ஏதாவது மருந்து போட்டாரா என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார். எந்த வயல், எந்த வாய்க்கால் பக்கம் கண்டெடுத்தார் என்பதை ஒரு துண்டில் எழுதி அவர்களிடம் கொடுக்கட்டும். குணமானால் அதை அந்தப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட அந்தத் துண்டுதான் உதவும்.